நெற்றி அக்கியும் மூக்கு நுனியும்

காவி எழுதும் வழக்கம்

பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூரைக் கடப்பவர்களின் கண்ணில் கணினி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகளே படுகின்றன. ஆயினும் அவற்றின் பின்னாலுள்ள வீடொன்றில் பெரியவர் ஒருவருக்கு உடம்பின் ஒரு பக்கத்தில் எரிச்சலோடு கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பினால், அதனை அக்கியென்று நிச்சயித்து, குயவர் வீட்டை விசாரித்துச் சென்று, இறகினால் காவி எழுதிக்கொண்டு வருவது செங்கற்பட்டுச் சீமைக்கு மட்டுமன்றித் தமிழகத்துக்கே பழகிப்போன வழக்கம். அக்கி என்ற சொல்லுக்கு நெருப்பு என்ற அர்த்தமும் உண்டென்பது, அதை அனுபவித்தவர்களுக்கு அகராதியின் சகாயமின்றியே விளங்கும். காவியைப் பரிகசிப்பது என் நோக்கமன்று. கொப்புளங்கள் இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் தாமாகவே ஆறிவிடுகின்றன. கீர்த்தி காவிக்குப் போய்ச் சேருகிறது. நெற்றியில் எழும் அக்கியின் விஷயமோ வேறு.

உறங்கும் வைரஸ்

பால்யத்தில் சின்னம்மை கண்டு, மூன்றாம் தண்ணீர் ஊற்றி, வேப்பிலையை அகற்றிய பிறகும் அதன் வைரஸ் நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டு உறங்கிக் கிடந்து, மூப்பினாலோ வேறு வியாதியினாலோ தேகத்தின் எதிர்ப்புச் சக்தி குன்றிய சமயத்தில் அக்கியாக விழித்துக்கொள்கிறது. மூளையிலிருந்து புறப்படும் 12 ஜோடி நரம்புகளில் ஐந்தாவது நரம்பின் முதற்கிளையே நெற்றிக்கும் கண்ணுக்கும் உணர்ச்சி தருவது. அதன் வழியே வைரஸ் இறங்குவதால்தான் கொப்புளங்கள் நெற்றியின் நடுக்கோட்டைத் தாண்டாமல் ஒரு பாதியில் மட்டுமே எழுகின்றன.

லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையில் பணியாற்றிய ஜொனாதன் ஹட்சின்சன் 1860-களில் ஒரு சூட்சுமத்தைக் கவனித்தார். மூக்கின் நுனிக்கும் கண்ணின் உட்பகுதிக்கும் செல்வது ஒரே சிறுகிளை. ஆகையால் நுனியில் ஒரு கொப்புளம் தோன்றினாலும், அது கண்ணுக்கு வரவிருக்கும் ஆபத்தின் முன்னறிவிப்பு. நுனியில் ஒன்றுமில்லையென்பதால் கண் க்ஷேமமென்று சொல்லிவிடவும் இயலாது. கருவிழி உணர்ச்சியிழந்து புண்ணாவது, உள்ளே அழற்சி கண்டு கண்ணழுத்தம் ஏறுவது முதலிய உபத்திரவங்கள் தோல் ஆறிய பின்னரும் தொடரக்கூடும்.

ஒன்று இரண்டாய்த் தெரிவது

சிலருக்குக் கொப்புளங்கள் உலர்ந்து சில நாட்களோ வாரங்களோ கழிந்தபின், கண்ணை அசைக்கும் மூன்றாம், நான்காம், ஆறாம் நரம்புகளில் ஒன்று தளர்ந்து, எதிரே வரும் ஒரு பஸ் இரண்டாகத் தெரியும், இமையும் தொங்கலாம். மாதக்கணக்கில் இது பெரும்பாலும் சீராகிவிடும். காதில் கொப்புளம் கண்டு, ஏழாம் நரம்பு தாக்குண்டு, வாய் கோணி, கண் மூடாமற்போகும் நிலையை 1907-இல் நியூயார்க்கின் ராம்சே ஹண்ட் விவரித்தார். மூடாத கண்ணின் கருவிழி உலர்ந்து கெடும் என்பதே அதில் அஞ்சத்தக்கது.

மூன்று நாள்

கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் போன்ற மாத்திரையைத் தொடங்குவது உத்தமம்; சாதாரணமாக 800 மில்லிகிராம் வீதம் தினம் ஐந்து வேளை, ஏழு முதல் பத்து நாட்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்க்கு அளவு மாறுமாதலால் வைத்தியரே நிர்ணயிக்க வேண்டும். கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து விஷப்பரீட்சை. செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், 1819-இல் தோன்றிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையும் இவ்வட்டாரத்தாருக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. 50 வயது கடந்தோர்க்குத் தடுப்பூசியும் வந்துவிட்டது; விலைதான் சாமானியருக்கு எட்டுவதாயில்லை.

காவி எழுதியே தீரவேண்டுமென்று பாட்டி பிடிவாதம் பிடித்தால், மாத்திரை தொடங்கிய பிறகு எழுதிக்கொள்ளட்டும். உடைந்த கொப்புளத்தின்மேலும் கண்ணருகிலும் மாத்திரம் வேண்டாம்.