முனி முதல் காஞ்சனா 3 வரை: ஓர் ஒப்பீடு

(இளம் அறிவியல் – இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

அச்சத்தைப் போக்கிக்கொள்ள மனிதன் விஞ்ஞானத்தை வளர்த்தான். அதே மனிதன் காசு கொடுத்து அச்சத்தை வாங்கத் திரையரங்கிற்கும் செல்கிறான். விந்தையன்றோ!

அமெரிக்காவில் 1978இல் ‘ஹாலோவீன்’, 1980இல் ‘ஃபிரைடே தி தேர்ட்டீன்த்’ ஆகிய படங்கள் வெளிவந்தன. முகமூடிக் கொலைகாரன் ஒருவன் கத்தியுடன் வருவான், இளைஞர்கள் மடிவார்கள், அடுத்த படத்திலும் அவனே வருவான். இப்படி நீண்டு சென்ற படவரிசைகள் அவை. தமிழில் இதற்கு ஈடாகச் சொல்லத்தக்கது ராகவா லாரன்ஸ் இயக்கி நடித்த வரிசையாகும். ‘முனி’ (2007), ‘காஞ்சனா’ (2011), ‘காஞ்சனா 2’ (2015), ‘காஞ்சனா 3’ (2019) என அதில் நான்கு படங்கள் வந்துள்ளன. பண்டிகை நாளில் இவற்றுள் ஒன்று தொலைக்காட்சியில் ஓடாத வீடு எங்கள் வட்டத்தில் குறைவு.

ஆய்வுக்கூடத்தில் மாறிலி எது, மாறி எது என்று முதலில் பிரித்துக்கொள்வோம். இங்கும் அவ்வாறே செய்து பார்ப்போம்.

மாறாதவை

நான்கு படங்களிலும் நாயகன் பொழுது சாய்ந்தால் பேய்க்கு நடுங்குபவன். ‘காஞ்சனா’ படங்கள் மூன்றிலும் கோவை சரளாவே தாய். அவரைச் சுற்றியே நகைச்சுவை. முற்பகுதியில் சிரிப்பு. பிற்பகுதியில் ஆவி தன் கதையைச் சொல்லும், கண்ணீர் வரும். முடிவில் நாயகனின் உடலில் புகுந்து பழி தீர்க்கும்.

மேல்நாட்டுப் படத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வேற்றுமை இங்கேதான் இருக்கிறது. அங்கே கொன்றவன் திரும்பி வருகிறான். செத்தவர்களுக்குப் பேச்சே இல்லை. இங்கே கொல்லப்பட்டவர் திரும்பி வருகிறார். படத்தின் பாதி அவருடைய வாக்குமூலம். ஆகவே நாம் பேயைக் கண்டு அஞ்சத் தொடங்கி, பேயின் கட்சியில் சேர்ந்துவிடுகிறோம்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பேய் என்பது இல்லை என்று ஆயாவிடம் வாதாடும் பொறுப்பும் எனக்கே வந்தது. அவர் சொன்ன மறுமொழி: “இருக்கோ இல்லையோ, குறை இல்லாம எதுவும் வராதுடா.” இவ்வரிசையின் இலக்கணம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது.

மாறுபவை

அப்படியானால் மாறி எது? பேயின் குறைதான். ‘முனி’யில் ராஜ்கிரண் ஏற்ற முனியாண்டி, ஓர் அரசியல்வாதியை நம்பி உழைத்து, அவனாலேயே கொல்லப்பட்டவர். ‘காஞ்சனா’வில் சரத்குமார் ஏற்ற காஞ்சனா ஒரு திருநங்கை. பெற்றோர் விரட்டிவிட, ஓர் இசுலாமியப் பெரியவர் அடைக்கலம் தருகிறார். தன்னைப் போன்ற ஒரு பெண்ணை மருத்துவராக்கி, மருத்துவமனை கட்ட நிலமும் வாங்குகிறார் காஞ்சனா. அந்த நிலத்துக்காகவே கொல்லப்படுகிறார். வாக்குத் தவறிய அரசியல்வாதியும் நிலம் பறிப்பவனும் நாம் செய்தித்தாளில் காண்பவர்கள். எனவே இவ்விரு பேய்களின் வழக்கும் வலுவானது.

‘காஞ்சனா 2’இல் தொலைக்காட்சி நிலையத்தார் பேய் நிகழ்ச்சி எடுக்கப் போய் உண்மைப் பேயிடம் சிக்கும் தொடக்கம் நல்ல கற்பனை. நித்யா மேனன் ஏற்ற, காலில் குறையுள்ள கங்கா மனத்தில் நிற்கிறாள். ஆயினும் மொட்டை சிவாவின் சண்டைகளே அவளை மறைத்துவிடுகின்றன. ‘காஞ்சனா 3’இல் ஆதரவற்றோரைக் காக்கும் காளியாகவும் லாரன்ஸே வருகிறார். பயந்தவனும் அவரே, பேயும் அவரே என்றானபின் வேறொருவருடைய துயரம் ஒருவன் உடலில் புகும் அதிர்ச்சி எங்கிருந்து வரும்? செலவும் ஓசையும் கூடின, குறை மெலிந்தது, பயமும் மெலிந்தது.

என் கணிப்பில் நான்கிலும் ‘காஞ்சனா’வே முதலிடம் பெறுகிறது. பேயை ஓட்ட முயன்ற நாயகன், கதையைக் கேட்டபின் தானே மனமுவந்து அதற்கு உடலைத் தருகிறான். இந்தக் கட்டம் ஒன்றே போதும்.

நாம் எடுத்து வந்தது எது?

முதலிடம் தந்த படத்தின் மீதே ஒரு கேள்வியும் வைக்க வேண்டும். சேலையும் மஞ்சளும் பூசிய நாயகனின் நெளிவைக் கண்டு முற்பகுதியில் சிரிக்கச் சொல்கிறது படம். அதே வாழ்வுக்காகப் பிற்பகுதியில் அழச் சொல்கிறது. இவற்றுள் எது நம்மோடு வீடு வந்தது?

கூத்தாண்டவர் திருவிழா நடக்கும் கூவாகம் நமக்குத் தொலைவில் இல்லை. சித்திரை மாதத்தில் நம் பேருந்துகளில் திருநங்கையர் பலர் பயணம் செய்வர். சென்ற ஆண்டு ஆர்ச் கேட் நிறுத்தத்தில் என் வயதுடைய சிலர் ஒருவரைப் பார்த்து “ஏய், காஞ்சனா!” என்று கூவிச் சிரித்தனர். அவர் திரும்பவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு பேருந்தில் ஏறினார். மருத்துவமனைக்கு நிலம் வாங்கிய ஒருவரின் பெயர் அங்கே வசைச்சொல் ஆகியிருந்தது. படத்தின் முற்பகுதியை மட்டும் அவர்கள் எடுத்து வந்திருக்கிறார்கள்.

தமிழ்நாடு அரசு திருநங்கையருக்கு 2008இல் நலவாரியம் அமைத்தது. உச்ச நீதிமன்றம் 2014இல் அவர்களை மூன்றாம் பாலினமாக ஏற்றது. சட்டம் செய்ய வேண்டியதை ஓரளவு செய்திருக்கிறது. பேருந்து நிறுத்தத்தில் நடப்பதற்குச் சட்டம் காவல் நிற்க இயலாது. அங்கே நிற்பவர்கள் நாம்தான்.

பேய்க்கு நியாயம் கேட்டுக் கைதட்டும் நாம், உயிரோடு எதிரில் நிற்பவருக்கு முதலில் மரியாதை தருவோம். செத்த பிறகே ஒருவர் பேச முடியும் என்ற நிலை படத்தோடு போகட்டும்!