வீடு உண்டு, விலாசம் இல்லை!

ஓமந்தையில் உயர்தரம் படிக்கும் மகளுக்கென ஒரு குடும்பத்தார் பழைய கணினியொன்றை வாங்குகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் கூறியதோ 4 கிகாபைற்று நினைவகம். திரை காட்டுவதோ, பயன்படுவது 3.25 மட்டுமே என்று. ஏமாற்றிவிட்டாரோ என ஐயுறுதல் இயல்பே. பெரும்பாலும் அவர்மீது குற்றமிராது.

நினைவகத்தின் ஒவ்வொரு பைற்றுக்கும், தபாற்காரர் தேடும் வீட்டிலக்கம்போல், ஓர் இலக்கம் வேண்டும். 32 பிற்றுப் பணிசெயல் முறைமை எழுதவல்ல இலக்கங்கள் 4,294,967,296. அதாவது சரியாக 4 கிகாபைற்று. "கணக்குப் பொருந்துகிறதே!" என்பீர்கள். சிக்கல் அங்கேதான். காட்சி அட்டை முதலிய உறுப்புகளுக்கும் இதே தொகுதியிலிருந்தே இலக்கம் ஒதுக்கவேண்டும். அவை உச்சியிலுள்ளவற்றை எடுத்துக்கொள்ள, அவ்வளவு நினைவகமும் விலாசமின்றி நின்றுவிடுகிறது.

இன்டெல் நிறுவனம் 1995ஆம் ஆண்டிலேயே பென்ரியம் புரோவில் 36 பிற்று விலாசம் அமைத்து, 64 கிகாபைற்று வரை எட்ட வழிசெய்தது. ஆயினும், சாதன இயக்கிகள் தடுமாறுமென அஞ்சி, வீட்டுப் பாவனைக்கான 32 பிற்று விண்டோஸில் 4 கிகாபைற்று எல்லையை மைக்ரோசொப்ட் தளர்த்தவில்லை. 2021இல் வந்த விண்டோஸ் 11க்கோ 32 பிற்றுப் பதிப்பே கிடையாது.

ஆதலின் புதிய நினைவகத்துக்குப் பணம் கொடுக்குமுன், செயலி 64 பிற்றுக்கு உகந்ததா என்று பாருங்கள். உகந்ததாயின் 64 பிற்று முறைமையை நிறுவினால், தாய்ப்பலகையும் இடங்கொடுக்கும் பட்சத்தில், ஒளிந்த பகுதி வெளிப்படும். தனிக் காட்சி அட்டை இல்லாத கணினி படங்காட்டவென எடுத்துவைக்கும் பங்கு மட்டும் அப்போதும் திரும்பாது.