புரதம் தேடுவதில்லை

தேத்தண்ணி ஆறுவதற்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புரதம் என்பது அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த நீண்ட சங்கிலி. கலத்துக்குள் உருவாகும் அந்தச் சங்கிலி, தானாக மடிந்து தனக்குரிய வடிவத்துக்கு வந்த பிறகுதான் பெரும்பாலும் வேலைக்கு உதவும். குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினும், தின்ற சோற்றைச் செரிக்கவைக்கும் நொதியங்களும் இப்படி மடிந்தவைதான்.

ஒரு சங்கிலியில் 100 அமினோ அமிலங்கள் இருக்கட்டும். ஒவ்வொன்றும் 3 விதமாகத்தான் திரும்ப முடியும் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 3ஐ 100 தடவை பெருக்கினால் 5க்குப் பின்னால் 47 சுழியம் வருகிறது. அத்தனை வடிவங்கள். செக்கனுக்குப் பத்து இலட்சம் கோடி வடிவங்களை மாற்றிப் பார்த்தாலும், பிரபஞ்சத்தின் வயதான 1,380 கோடி ஆண்டு காணாது. உண்மையில் சிறிய புரதங்கள் பல, ஒரு செக்கனின் ஆயிரத்தில் சில பங்குக்குள் மடிந்து முடிக்கின்றன. இந்த முரணை 1969இல் எடுத்துச் சொன்னவர் சைரஸ் லெவிந்தால்.

இதைக் கேட்டதும் நம் எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான் வருகிறது: புரதம் ஏதோ தந்திரத்தால் மிக வேகமாகத் தேடுகிறது போலும். பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்தவர்களும் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிழை 'வேகமாக' என்பதில் இல்லை, 'தேடுகிறது' என்பதில் இருக்கிறது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மாரியில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் விழும் ஒரு மழைத்துளியை நினைத்துக்கொள்ளுங்கள். கொக்கட்டிச்சோலை வயலில் விழுந்தாலும் சரி, உன்னிச்சைக்கு மேலே காட்டில் விழுந்தாலும் சரி, வாய்க்காலும் ஆறுமாக ஓடி வாவிக்குத்தான் வருகிறது. வாவி எங்கே இருக்கிறதென்று துளிக்குத் தெரியாது. எல்லா வழியையும் அது போய்ப் பார்ப்பதுமில்லை. நிற்கிற இடத்தில் எந்தப் பக்கம் சற்றே பள்ளமோ, அந்தப் பக்கம் நகர்கிறது. மிச்சத்தை நிலத்தின் சரிவு பார்த்துக்கொள்கிறது.

புரதத்துக்குச் சரிவாக இருப்பது சக்தி. சங்கிலியின் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு சக்தி அளவு உண்டு. வெப்பத்தால் சங்கிலி ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கிறது. சக்தியைக் குறைத்த அசைவு பெரும்பாலும் நிலைக்கும், கூட்டிய அசைவு பெரும்பாலும் கலைந்துவிடும். துளியால் மேடேற முடியாது, சங்கிலியால் வெப்பத்தின் தயவில் சிறு மேடுகளை ஏறிக் கடக்க முடியும் என்பது ஒரு வித்தியாசம். 1992இல் றொபேட் சுவான்சிக், அட்டிலா சபோ, பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த பிமன் பாக்சி ஆகிய மூவரும் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார்கள். பிழையான திருப்பங்களுக்குச் சிறியதொரு சக்திச் சுமை வைத்தாலே போதும், லெவிந்தாலின் பிரபஞ்சக் காலம் செக்கன் கணக்குக்குச் சுருங்கிவிடுகிறது.

இந்தச் சரிவைக் கண்ணால் பார்க்க வழியில்லை. அதனால்தான் கணினி வேண்டியிருக்கிறது. ஆனால் எல்லா அணுக்களையும் சுற்றியுள்ள தண்ணீரையும் சேர்த்துக் கணக்கிடப் போனால், ஒவ்வொரு அடியிலும் ஒரு செக்கனின் ஆயிரம் இலட்சம் கோடியில் இரண்டு பங்குதான் நகர முடியும். செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கை எட்டவே 50,000 கோடி அடிகள். ஆகவே விஞ்ஞானிகள் துணிந்து விவரங்களைக் கழித்தார்கள்.

கழித்துப் பார்க்கும் துணிவுக்கு நம் மொழி பேசும் ஊரிலேயே ஒரு முன்னோடி உண்டு. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் அணுக்களை வெறும் கெட்டி உருண்டைகளாக வைத்தார்கள். சங்கிலி ஒவ்வொரு அமினோ அமிலத்திலும் இரண்டு கோணங்களில் திரும்பும். அந்த இரண்டையும் மாற்றி மாற்றி, உருண்டைகள் எங்கே முட்டுகின்றன என்று கணக்கிட்டார்கள். பெரும்பாலான கோணச் சேர்க்கைகளில் முட்டின. மிஞ்சிய சிறு பகுதிகளைக் காட்டும் ராமச்சந்திரன் வரைபடத்தை வைத்துத்தான், புதிதாகக் கண்ட புரத வடிவம் ஒழுங்கானதா என்று இன்றும் உலகெங்கும் சரிபார்க்கிறார்கள்.

1980களின் இறுதியில் கென் டில்லும் கிட் லாவும் இன்னும் கழித்தார்கள். ஒரு அமினோ அமிலத்துக்கு ஒரு மணி. மணியில் இரண்டே வகை: தண்ணீரை வெறுப்பது, தண்ணீரை விரும்புவது. வெறுக்கும் மணிகள் இரண்டு பக்கத்துப் பக்கத்தில் வந்தால் சக்தி ஒரு படி குறையும். இவ்வளவுதான் விதி. பிள்ளைகளின் சதுரக்கோட்டுக் கொப்பியில் நீங்களே செய்து பார்க்கலாம். கோடுகள் வெட்டும் புள்ளிகளில், புள்ளிக்கு ஒன்றாக, 4 மணியை அடுத்தடுத்து வையுங்கள், இரு முனைகளிலும் வெறுப்பவை, நடுவில் விரும்புபவை. சுழற்றியும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பியும் ஒத்துவருவதை ஒன்றாகக் கொண்டால் மொத்தம் 5 வடிவம். அதில் ஒன்றே ஒன்றில்தான் இரு முனைகளும் அருகருகே வருகின்றன. 10 மணி என்றால் 2,034 வடிவம். கணினிக்கு அது ஒரு பொருட்டே அல்ல, ஒன்றுவிடாமல் எண்ணிவிடும். எண்ணிப் பார்த்தால், தண்ணீரை வெறுப்பவை உள்ளே ஒதுங்கும் அந்த ஒரு விசையே சங்கிலியை இறுக்கமாக மடியத் தள்ளப் போதும் என்பது தெரிகிறது. எனக்கு இன்றும் வியப்புத் தருவது இதுதான்: இரண்டு வகை மணியும் ஒரு விதியும் இவ்வளவு சொல்லிவிடுகின்றன.

இதற்கும் முன்பே, 1975இல், மைக்கல் லெவிற்றும் அரியே வார்ஷலும் 58 அமினோ அமிலங்கள் கொண்ட உண்மையான புரதம் ஒன்றை எளிய உருவில் கணினியில் மடித்துப் பார்த்திருந்தார்கள். 2013இல் இருவரும் மார்ட்டின் கார்ப்ளசுடன் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

சரிவு எங்கும் வழவழப்பாக இருப்பதில்லை. படுவான்கரையில் வழியில் பள்ளங்கள் உண்டு, குளங்கள் உண்டு, நாள்கணக்கில் தண்ணீர் தேங்கி நிற்கும் வயல்களும் உண்டு. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் ஹனிகட்டுடன் சேர்ந்து 1990இல் மூன்று வகை மணிகளால் சங்கிலி அமைத்த டி. திருமலை, அது ஏறத்தாழ ஒரே சாயலுள்ள வெவ்வேறு வடிவங்களில் போய் அமர்வதைக் கண்டார். பிந்திய ஆய்வுகளில், ஒரே புரதத்தின் சில சங்கிலிகள் நேரே மடிவதும், மற்றவை இடைப் பள்ளங்களில் சிக்கித் தாமதிப்பதும் தெளிவானது. கலத்துக்குள் அப்படிச் சிக்கியவற்றுக்கு உதவவென்றே சில துணைப் புரதங்கள் இருக்கின்றன, வரம்பை வெட்டித் தண்ணீரைத் திறந்துவிடும் வயற்காரர் மாதிரி.

அல்பாஃபோல்ட் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2020இல் அந்தச் செயற்கை நுண்ணறிவு புரதங்களின் முடிவான வடிவத்தை அபாரமாகச் சொல்லிக் காட்டியது, அதை உருவாக்கியவர்களுக்கு 2024இல் நோபல் பரிசும் கிடைத்தது. அது சொல்வது வாவி இருக்கும் இடத்தை. துளி எந்த வழியாக வந்தது, எங்கே தேங்கியது என்பது வேறு கேள்வி. அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலோயிட் பீற்றா, 40 அல்லது 42 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு சங்கிலிதான். அதற்கென்று நிலையான ஒரு வடிவம் இல்லை, பல சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதுதான் அங்கே பிரச்சினை. அத்தனை சங்கிலிகளையும் அணு அணுவாக நெடுநேரம் பின்தொடர இன்றைய கணினிகளுக்கும் கடினம் என்பதால், திரட்சி எப்படித் தொடங்குகிறது என்று பார்க்க ஆய்வாளர்கள் இன்றும் மணிகளைத்தான் கோக்கிறார்கள்.