கடை குடையாகும் கூத்து

சத்தம் போடாமல் வாங்க. வேர்டு திரைக்குப் பின்னால் ஒரு கூத்து நடக்கிறது.

பாமினி எழுத்துருவில் ஒருவர் புதுப் பத்தி தொடங்கி 'கடை' என்று அடிக்கிறார். ஸ்பேஸ் பாரைத் தட்டுகிறார். டக்! திரையில் 'குடை'. அடுத்த பத்தியில் 'பலி' என்று தொடங்கினால் 'புலி' எட்டிப் பார்க்கிறது. 'பல்' முளைக்க வேண்டிய இடத்தில் 'புல்' முளைக்கிறது. 'மறை' முறையாகிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, நம் 'தமிழ்' இருக்கிறதே, அது 'துமிழ்'!

வைரஸும் இல்லை, செய்வினையும் இல்லை. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் ஆட்டோகரெக்ட் வசதி, இங்கிலீஷ் என்று நினைத்துக்கொண்டு தன் வேலையைச் செய்கிறது. அவ்வளவுதான்.

அது ஏன் இங்கிலீஷ் என்று நினைக்கிறது? ஏனென்றால் கோப்புக்குள் இருப்பது இங்கிலீஷேதான்! பாமினி என்பது இங்கிலீஷ் எழுத்துகளுக்குப் போட்ட தமிழ் வேஷம். பழைய தமிழ் டைப்ரைட்டர் விசை வரிசையை ஒட்டியது. சின்ன எஃப் அடித்தால் 'க', ஷிஃப்ட்டோடு எஃப் அடித்தால் 'கு'. சின்ன ஜி 'ப', பெரிய ஜி 'பு'. நாம் 'கடை' என்று நினைத்து அடிக்கும்போது வேர்டுக்குத் தெரிவது எஃப், ஐ, எல் என்ற மூன்று எழுத்து. (டைக்குரிய கொம்பு ட-வுக்கு முன்னால் வருவதால் நடுவில் ஐ.) 'வாக்கியத்தின் முதல் எழுத்து சின்னதாக இருக்கிறதே' என்று பதறி, எஃப்பைப் பெரிதாக்குகிறது. வேஷத்துக்குள் அந்தப் பெரிய எஃப்தான் 'கு'. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிகூட இங்கிலீஷ் அரைப்புள்ளிதான். அதனால் ஒவ்வொரு புள்ளியும் வேர்டுக்கு ஒரு சொல்லின் முடிவு. ஸ்பேஸ் பார் வரைக்கும் காத்திருக்காமல் 'பல்'லின் புள்ளியிலேயே அது கை வைத்துவிடும்.

இன்னும் ஒரு படி கீழே இறங்கலாமா? கணினியின் எண் கணக்கில் சின்ன எஃப் 102, பெரிய எஃப் 70. சின்ன ஜி 103, பெரிய ஜி 71. எந்த எழுத்தை எடுத்தாலும் வித்தியாசம் 32தான். இரும எண்ணில் எழுதினால் அது ஒரே ஒரு பிட். கடைக்கும் குடைக்கும் நடுவே ஒரு 1, 0 ஆகிறது. பலிக்கும் புலிக்கும் நடுவேயும் அதே பிட்! இதைக் கேட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

இந்தக் கூத்தின் சூத்திரதாரிகளில் ஒருவர் டீன் ஹச்சமோவிச். 1990களின் தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட்டின் வேர்டு குழுவில் இருந்தவர். 'தி' என்ற இங்கிலீஷ் சொல்லை அவசரத்தில் எழுத்து மாற்றி அடிப்பவர்களுக்காக, ஸ்பேஸ் பாரைத் தட்டியதும் தானாகத் திருத்தும் வழியைக் கொண்டுவந்தார். 1993இல் வந்த வேர்டு 6.0இல் அது ஆட்டோகரெக்ட் என்ற பெயரில் இறங்கியது. கொழும்பிலோ கோவையிலோ ஒரு டிடிபி கடையில் புலி பாயும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

ஆட்டோகரெக்ட் வசதிகளில் இன்னொரு குறும்பும் ஒளிந்திருக்கிறது: தொடக்கத்தில் இரண்டு பெரிய எழுத்து வந்தால் இரண்டாவதைச் சின்னதாக்குவது. இங்கிலீஷுக்கு நல்லது. பாமினியில் 'முருகன்' தொடங்குவதே பெரிய கே, பெரிய யு என்றுதான். யு சின்னதானால் 'முரகன்'! வேண்டாம் வேண்டாம் என்று இலையை மூடினாலும் கரண்டியோடு நிற்கும் சம்பந்தி வீட்டுக்காரர் மாதிரி, பட்டியலிடும்போது (உ) என்று அடித்தால் அதைக் காப்புரிமைக் குறியாக்கவும் ஆட்டோகரெக்ட் ஓடி வரும். பாமினியில் உ என்பது சின்ன சி.

சரி, அடக்குவது எப்படி? ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்று உள்ளே போங்கள். வாக்கியத்தின் முதல் எழுத்து, இரண்டு பெரிய எழுத்து, அட்டவணைக் கட்டத்தின் முதல் எழுத்து ஆகிய மூன்று டிக்கையும் எடுத்துவிடுங்கள். மூன்றாவதை மறந்தால் மளிகைப் பட்டியலில் 'பலசரக்கு' எல்லாம் 'புலசரக்கு'. (உ) தொல்லைக்கு, தட்டும்போதே மாற்றும் டிக்கையும் எடுங்கள். அவசரம் என்றால் மாறிய உடனே கன்ட்ரோல் இசட். மாறிய எழுத்தின்மேல் மவுஸை வைத்தால் அடியில் குட்டியாக ஒரு நீலக் கோடு தெரியும். அதைத் தட்டினால் 'இனி இப்படிச் செய்யாதே' என்று அங்கேயே சொல்லிவிடலாம். எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த நீலக் கோடுதான்; கையும் களவுமாகப் பிடித்த திருப்தி.

ஃபோனில் கதை சுருக்கம். ஐஃபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்டு, அங்கே ஆட்டோ கேப்பிடலைசேஷனை அணைத்துவிடுங்கள். ஜிபோர்டில் டெக்ஸ்ட் கரெக்‌ஷன் பகுதியில் அதே பெயரில். யுனிகோடு தமிழுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அங்கே 'க'வின் எண் 2965, அதற்குப் பெரிய க கிடையாது; ஆட்டோகரெக்ட் வாயைப் பிளந்து பார்க்கத்தான் முடியும்.

இங்கிலீஷும் நிறைய அடிப்பதால் வசதியை முழுதாக அணைக்க மனசில்லையா? அழைப்பிதழ் அச்சகங்களுக்கென்றே ஒரு ரகசிய அறை இருக்கிறது: வேர்டின் அதே ஆட்டோகரெக்ட் பெட்டியில் எக்ஸெப்ஷன்ஸ் பொத்தான். 'திரு. கந்தசாமி' என்று அடித்தால் 'திரு'வை அடுத்த புள்ளியை வேர்டு வாக்கிய முடிவாக எடுத்துக்கொண்டு 'திரு. குந்தசாமி' ஆக்கிவிடும். மாப்பிள்ளையின் தாய்மாமன் விடுவாரா? ஃபர்ஸ்ட் லெட்டர் பகுதியில் ஜே, பி (பேப்பரின் பி), பெரிய யு, ஒரு புள்ளி என்று அடியுங்கள். பாமினி வேஷம் கலைந்த 'திரு.' அதுதான். ஆட், ஓகே. குந்தியிருந்த தாய்மாமன் உடனே எழுந்து நிற்பார்.