கௌபாய்க்குச் சொல் கொடுத்தவர்கள்

டெக்ஸ் வில்லர் கௌபாய் காமிக்ஸைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்த என் தலைமுறைக்கு லாசோ (சுருக்குக் கயிறு), ரான்ச் (பண்ணை), மஸ்டாங் (காட்டுக் குதிரை) எல்லாம் வீட்டில் புழங்கும் சொற்கள் மாதிரி. அமெரிக்க ஆங்கிலத்தின் மண்வாசனையே இவைதான் என்பார்கள். மூன்றுமே ஸ்பானிஷ்.

கௌபாய்கள் தொழிலை யாரிடம் கற்றார்களோ, சொல்லையும் அவர்களிடமே எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்கக் கண்டத்தில் குதிரையினம் எப்போதோ அற்றுப்போயிருந்தது. 1519இல் கோர்டெஸ் 16 குதிரைகளோடு மெக்சிகோவில் இறங்கினார். மாடுகள் பின்னாலேயே வந்தன. குதிரையில் இருந்தபடியே பெரும் மந்தைகளை மடக்கும் வித்தையில் அங்குள்ள மாட்டுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேறினார்கள். அவர்களுக்கு ‘வக்கேரோ’ என்று பெயர். ‘வாக்கா’ என்றால் பசு. 1820களில் டெக்சாஸில் குடியேறிய, ஆங்கிலம் பேசும் அமெரிக்கர்கள், வேலியில்லாத வெளியில் மாடு மேய்க்க இவர்களைப் பார்த்துத்தான் பழகினார்கள்.

ஏட்டில் படித்த சொற்கள் அல்ல, காதில் விழுந்தவை. அதனால்தான் இந்தக் கோலம். ஸ்பானிஷ் ‘வ’, நம் ‘கம்ப’த்தில் வரும் ‘ப’ போல ஒலிக்கும். வக்கேரோ ‘பக்கரூ’ ஆனார். கயிற்றைக் குறிக்கும் ‘லா ரெயாத்தா’, முன்னால் நிற்கும் ‘லா’வையும் விழுங்கி ‘லாரியட்’ ஆனது. ‘எல் லகார்த்தோ’ என்ற பல்லி ‘அலிகேட்டர்’ ஆனதும் இதே வழியில்தான். நீதிமன்றத்துக்கான ‘ஹுஸ்காதோ’ ஆங்கிலத்தில் ‘ஹூஸ்கவ்’, அதாவது ஜெயில். கோர்ட்டுக்குப் போன மாட்டுக்காரன் வேறெங்கே போய்ச் சேர்ந்திருப்பான்!

எனக்குப் பிடித்தது ‘டாலி’. மாட்டின் கொம்பில் சுருக்கு விழுந்ததும், கயிற்றின் மறுபகுதியைச் சேணத்தின் முன்னுள்ள குமிழில் சட்டென்று சுற்ற வேண்டும். ‘தார் லா வுவெல்த்தா’, ஒரு சுற்றுச் சுற்று என்பதே டாலியாகத் தேய்ந்தது. கட்டைவிரலை மேல்நோக்கி நிமிர்த்தியபடி சுற்ற வேண்டும். கயிற்றுக்கும் குமிழுக்கும் நடுவே விரல் சிக்கினால், முரண்டும் மாட்டின் எடை முழுவதும் அதன்மேல் இறங்கும், துண்டாகிவிடும். இன்றைய போட்டிகளிலும் அப்படி விரல் இழந்தவர்கள் உண்டு.

அந்தப் போட்டிக்குப் பெயர் ‘ரோடியோ’. மாடுகளைச் சுற்றி வளைப்பது என்று பொருள். லாஸ் ஏஞ்சலீஸ் பக்கத்தில் பணக்காரர்கள் கடைக்குப் போகும் தெருவுக்கும் அதே எழுத்துகள்தான். அங்கிருந்த பழைய பண்ணையின் பெயரிலிருந்து வந்தது. ஆனால், உச்சரிப்பு ‘ரொடேயோ டிரைவ்’. மாட்டுக்காரர்கள் சிதைத்ததைக் கைப்பை வாங்க வருகிறவர்கள் சரியாகச் சொல்கிறார்கள்.