உஷ்ண யந்திரங்களின் உச்ச வரம்பு

ஆயில் எஞ்சின் வைத்து நீர் இறைக்கும் விவசாயிகள் எரிபொருள் செலவைக் கண்டு கவலையுறுவது இயல்பே. டீசலிலுள்ள உஷ்ண சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் உழைப்பாகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி புகையோடும், எஞ்சினைக் குளிர்விக்கும் நீரோடும் வெளியேறிவிடுகிறது. இது முழுவதும் யந்திரம் செய்தவரின் குறையன்று. இயற்கை விதித்த வரம்பு ஒன்றும் இதில் உண்டு.

இவ்வரம்பை 1824-ஆம் ஆண்டில் விளக்கியவர் சாடி கார்னோ என்னும் பிரெஞ்சு எஞ்சினியர். அக்காலத்தில் நீராவி யந்திரங்கள் சுரங்கங்களிலிருந்து நீர் இறைத்து வந்தன. நீர் மேட்டிலிருந்து பள்ளத்திற்குப் பாயும்போதுதான் சக்கரம் சுழலும். இருபுறமும் ஒரே மட்டமாயின் சக்கரம் அசையாது. அவ்வாறே உஷ்ணமும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்குச் செல்லும்போதுதான் வேலை செய்கிறது. ஆகவே, அதில் ஒரு பங்கைக் குளிர்ந்த பக்கத்திற்கு விட்டேயாக வேண்டும்.

வரம்பைக் கணக்கிடுவது எளிது. சூடான பக்கத்தின் சென்டிகிரேட் டிகிரியோடு 273-ஐக் கூட்டுக. இரு பக்கங்களுக்குமுள்ள வித்தியாசத்தை அத்தொகையால் வகுத்து, 100-ஆல் பெருக்குக. 150 டிகிரி நீராவியும் 30 டிகிரி குளிர்நீரும் இருப்பின், வித்தியாசம் 120. அதனை 423-ஆல் வகுத்துப் பெருக்கினால், நூற்றுக்குச் சுமார் 28 பங்கு. நீராவிக்குப் பதில் 90 டிகிரி வெந்நீராயின், நூற்றுக்குச் சுமார் 16½ பங்குதான். உராய்வும் கசிவும் போக, நடைமுறையில் கிடைப்பது இதனினும் குறைவு.

ஆதலின், சூரிய வெப்பத்தால் காய்ந்த வெந்நீரைக் கொண்டு ஓடும் யந்திரம் உஷ்ணத்தில் பாதியை உழைப்பாக்கும் என்று எவரேனும் கூறினால், பஞ்சாயத்துப் பணத்தைச் செலவிடுமுன் இரு பக்கங்களின் டிகிரியையும் கேட்டு, இக்கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். வரம்பை மீறும் வாக்குறுதியை எந்தத் தொழில் திறமையாலும் நிறைவேற்ற இயலாது.

வெந்நீர் பயனற்றது என்பது இதன் பொருளன்று. புழுங்கலரிசிக்கு நெல்லை ஊறவைக்கவும், பாத்திரங்களைத் துலக்கவும் அதனை நேராகப் பயன்படுத்தினால் உஷ்ணத்தின் பெரும்பகுதி பலன் தரும். ஆயில் எஞ்சினைப் பொறுத்தவரை, காற்று வடிகட்டியைத் தூய்மையாக வைத்தல், டீசல் தெளிக்கும் நாசிலைப் பழுது பார்த்தல், கிணற்றின் ஆழத்திற்கேற்ற பம்பைப் பொருத்துதல் ஆகியன நம் கையில் உள்ளவை. இயற்கையின் வரம்பை அறிந்து, அதற்குட்பட்ட வீணை மட்டும் தவிர்ப்பதே சிக்கனத்திற்கு வழியாகும்.