நோயாளிகளே நிர்வாகிகள்

அடிமைத்தளையிலிருந்து மீண்ட கறுப்பின மக்கள் 1887இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் உருவாக்கிய ஊர் மவுண்ட் பேயு. சுற்றிலும் பருத்திக் காடு. 1960களில் அறுவடை இயந்திரங்களும் களைக்கொல்லிகளும் வந்ததால், வாரத்துக்குப் பயிரிட்டவர்கள் பிழைப்பை இழந்தார்கள். பசி ஊரை வாட்டியது. அங்கே 1967இல் டெல்டா சுகாதார மையம் தொடங்கியது. பாஸ்டனின் கொலம்பியா பாயின்ட் பகுதியில் 1965இல் திறந்த மையம் இதற்கு மூத்தது. இரண்டையும் நிறுவியவர்கள் மருத்துவர்கள் ஜேக் கைகரும் கவுன்ட் கிப்சனும்.

கைகர் மாணவராயிருந்தபோது தென்னாப்பிரிக்காவின் போலேலாவில், சிட்னி–எமிலி கார்க் தம்பதி தொடங்கிய மையத்தில் பயின்றவர். காய்கறித் தோட்டமும் கழிப்பிடமும் மருத்துவத்தில் சேர்த்தி என்பதை அங்கே கண்டார். மவுண்ட் பேயுவில் மெலிந்து வந்த குழந்தைகளுக்கு மருந்துச் சீட்டில் உணவே எழுதித் தரப்பட்டது. மளிகைக் கடைகள் பொருள் கொடுத்தன. பணம் மையத்தின் மருந்துக் கணக்கிலிருந்து போயிற்று. நிதி கொடுத்த அரசு அலுவலகம் ஆட்சேபித்தது. ஊட்டக்குறைவுக்கு மருத்துவ நூல்கள் சொல்லும் சிகிச்சை உணவுதான் என்று கைகர் பதில் சொன்னார்.

ஆனால் மையத்தை ஊரார் கையில் சேர்த்த பெருமை பெரும்பாலும் ஜான் ஹேட்ச்சுக்கு உரியது. அவர் மருத்துவர் அல்லர், சமூகப் பணியாளர். ஊர் ஊராகப் போய் மக்களைக் கூட்டிச் சங்கங்கள் அமைத்தார். எது முதலில் வேண்டும் என்று அவர்களையே கேட்டார். அந்தப் பேச்சிலிருந்து கூட்டுறவுப் பண்ணை ஒன்று பிறந்தது; பருத்தி விளைந்த மண்ணில் காய்கறி விளைந்தது. அதை வழிநடத்தியவர்களில் ஒருவர் எல். சி. டார்சி. வாரத்துக்குப் பயிரிட்ட குடும்பத்தில் பிறந்த இந்தப் பெண்மணி, பின்னாளில் முனைவர் பட்டமும் பெற்று, டெல்டா மையத்துக்கே தலைவரானார். மையத்தின் வளர்ச்சிக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஊரார் பங்கேற்பு பிறகு சட்டமாயிற்று. கூட்டரசின் மானியம் பெறும் சமூக சுகாதார மையத்தின் நிர்வாகக் குழுவில் குறைந்தது 51 சதவீதம் பேர் அங்கே சிகிச்சை பெறுபவர்களாக இருக்க வேண்டும். தலைமை அதிகாரியை நியமிப்பதும், வரவு செலவுக்கு ஒப்புதல் தருவதும், மையம் திறந்திருக்கும் நேரத்தை முடிவு செய்வதும் இந்தக் குழுதான். கட்டணம் வருமானத்துக்கு ஏற்பக் குறையும். கையில் பணமில்லை என்று எவரையும் திருப்பி அனுப்பக் கூடாது. இந்த ஏற்பாட்டில் இன்று ஏறத்தாழ 1,400 அமைப்புகள் ஆண்டுக்கு 3 கோடிக்கும் அதிகமானோருக்குச் சிகிச்சை அளிக்கின்றன.